ஓடும் ஆலையை விஸ்தரித்தல்

கலாசாலைக்குப் புதுக் கட்டடம் எழுப்புங்கால் வகுப்புக்களை மரநிழலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினிக்கும் கைப்பேசிக்கும் உயிரான சில்லுகளைச் செய்யும் குறைகடத்தி ஆலைக்கோ அத்தகைய மரநிழல் ஏதுமில்லை. சிலிக்கன் தகடொன்று பல நூறு படிகளைக் கடந்து முற்றுப்பெற இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். இடையில் ஆலை நின்றால் வழியிலுள்ள தகடுகள் பல பாழாகும். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பான் தேசத்து யொக்கைச்சி நகர் ஆலையில் மின்சாரம் தடைப்பட்டது ஏறத்தாழ 13 நிமிடங்களே. வேலை பழைய நிலையை அடையப் பல வாரங்கள் சென்றன.

ஆதலால் இவ்வாலைகளை விஸ்தரிப்போர், துயிலும் குழந்தையின் அருகே நடப்பார்போல் நடத்தல் வேண்டும். அஸ்திவாரத் தூண்களை அடித்து இறக்காமல், நிலத்தைத் துளைத்துக் காங்கிரீட் வார்ப்பர். அதிர்வு எல்லை கடவாதபடி கருவிகள் இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கும். பழைய தூய்மையறைக்கும் புதியதற்கும் இடைப்பட்ட சுவர், புதிய அறையின் காற்று சோதனையில் தேறிய பின்னரே திறக்கப்படும். இவை யாவற்றினும் அஞ்சத்தக்கது, பழைய வாயுக் குழாயோடு புதியதை இணைக்கும் வேளையாம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஓர் ஆலையில் அவ்வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. நைட்ரஜன் குழாயில் ஒரு வால்வை மூடி, அதற்கப்பால் பயனின்றிக் கிடந்த துண்டை அறுத்துப் புதுக் குழாயைப் பொருத்துதல் வேண்டும். அவகாசம் நள்ளிரவு முதல் நான்கு மணி நேரம். தமிழ்நாட்டினின்று வந்த முதிய தொழிலாளி ஒருவர் வால்வின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஐயா, படத்திலுள்ள எண் வேறு; இந்தச் சீட்டிலுள்ள எண் வேறு. குழாய் எங்கே போகிறதென்று பார்த்துவிட்டு மூடுவோம்" என்றார்.

"படத்தில் மூவர் கையொப்பமிட்டிருக்கின்றனர், மூடுங்கள்" என்றேன்.

அவர் அசையவில்லை. "தவறினால் மேலே வேலை நின்றுபோகும், ஐயா" என்று மட்டும் சொன்னார்.

உள்ளூரச் சினந்து அவருடன் ஏணியில் ஏறினேன். குழாயைத் தொட்டுத் தொட்டு அரைமணி நேரம் தடம் பற்றிச் சென்றோம். அது பயனற்ற துண்டன்று. மேல்தளத்தில் ஓடிக்கொண்டிருந்த யந்திர வரிசைக்கு வாயு கொண்டுசெல்லும் குழாயே. முன்னொருகால் செய்த மாற்றம் படத்தில் ஏறவில்லை.

அவ்விரவு இணைப்பு நடைபெறவில்லை. தாமதத்திற்குப் படத்தின் பிழையே காரணம் என்று மேலதிகாரியிடம் கூறி யான் தப்பியிருக்கலாம். மூடச் சொன்னவன் யானே என்பதையும், தடுத்தவர் இன்னார் என்பதையும் சேர்த்தே கூறினேன். படத்தைத் திருத்திய பின் அவர் கையாலேயே இணைப்பு நிறைவேறியது. மேலே ஒரு யந்திரமும் நிற்கவில்லை. அதுமுதல் எவ்விணைப்பாயினும், முதல் மணி நேரத்தைக் குழாயின் தடம் காண்பதற்கே ஒதுக்கி வருகிறேன்.

மாணவ சகோதர சகோதரிகளே, படத்தை வாசிக்கக் கலாசாலை எனக்குக் கற்பித்தது; குழாயை நோக்கக் கற்பித்தவர் அம்முதியவர். எத்தொழிலில் அமர்ந்தாலும், உமக்குக் கீழ்ப் பணிபுரிவோர் "பொறுங்கள்" என்னுங்கால் பொறுத்துக் கேட்பதற்குச் சிறிது நேரம் வைத்துக்கொள்வீர்களாக.