பேஸ் எங்கட வீட்டுக்கு வந்த கதை

பேஸ் எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிரைவேட் பஸ்தான். பெட்டி அதிர அதிர, பாட்டின்ர சொல் ஒன்றும் விளங்காது, 'டும் டும்' மட்டும் முதுகில் ஏறும். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு ஒரு சப்வூஃபர் வாங்கப்போகிறோம் என்று சொன்னவுடன் "வீட்டை பஸ் ஆக்கப் போறியளோ?" எண்டு சிரிக்காத ஆளில்லை.

நாங்கள் மூன்று பேர் திருநெல்வேலியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். முன்னறையில் ஒரு பழைய ஸ்ரீரியோ அம்ப், 5 இஞ்சி வூஃபர் உள்ள இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். குரலும் வயலினும் வடிவாகக் கேட்கும. ஆனால் இளையராஜாவின் 80களின் பாடல்களில் பேஸ் கிற்றார் பாட்டுக்குக் கீழே தனக்கெண்டு ஒரு மெட்டை வாசித்துக்கொண்டு போகுமே, அது பாதி காணாமல் போய்விடும். நாலு கம்பி பேஸ் கிற்றாரின் ஆகக் கீழான சுரம் கிட்டத்தட்ட 41 ஹேர்ட்ஸ். எங்கட ஸ்பீக்கர்களோ 60க்குக் கீழே இறங்கக் கஷ்டப்படுகிறவை. எங்களுக்கு அந்த மெட்டு வேணும். நெஞ்சில் இடிக்கிற சாமான் தேவையில்லை.

கடைக்காரர் 12 இஞ்சியைத்தான் காட்டினார். "இதை எடுங்கோ தம்பியவை, சுவரே ஆடும்." நாங்கள் எடுத்தது 8 இஞ்சி, துளை இல்லாத மூடிய பெட்டி. துளை வைத்த பெட்டி கூடச் சத்தம் தரும், ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே ஒக்டேவுக்கு 24 டெசிபல் எண்டு சடாரென விழும். மூடிய பெட்டி 12 டெசிபல் வீதம் மெதுவாக இறங்கும். சின்ன அறை கீழ்ச் சத்தத்தைத் தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால், எங்களுக்கு அது காணும். இன்னொன்று, எங்கட அம்பில் சப்வூஃபருக்கெண்டு தனி இணைப்பு இல்லை. ஸ்பீக்கர் வயரையே நேராகக் கொழுவக்கூடிய ஒன்றாகப் பார்த்து எடுத்தோம். பழைய அம்ப் வைத்திருக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கோ.

வாங்குவது சுகம், வைப்பதுதான் வேலை. எங்கட அறை 14 அடி நீளம். இந்த வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். கணக்குப் பார்த்தால், 14 அடிக்குள் அரை அலை சரியாகப் பொருந்துவது 41 ஹேர்ட்ஸில், அதாவது பேஸ் கிற்றாரின் அதே கீழ்ச் சுரத்தில்! அந்தச் சுரம் வரும்போது மட்டும் அறையும் சேர்ந்து முழங்கும், பக்கத்துச் சுரங்கள் அதுக்குள் ஒளிந்துவிடும். காசு கூடக் கொடுத்து பெரிய பெட்டி வாங்கினாலும் இது மாறாது. இடத்தை மாற்றினால்தான் மாறும்.

அதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. நாங்கள் இருந்து பாட்டுக் கேட்கிற கதிரையில் சப்வூஃபரை ஏற்றி வைத்து, பேஸ் கிற்றார் மேலும் கீழும் நடக்கிற ஒரு பாட்டைப் போட்டோம். பிறகு ஒவ்வொருவராகச் சுவரோரம் தவழ்ந்தோம். மூலையில் ஒரே முழக்கம். நீளச் சுவரின் நடுவுக்குக் கிட்ட எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்டது. அங்கேயே பெட்டியை இறக்கினோம். கிராஸோவரை 60இல் வைத்தோம். 80க்கு மேலே போனால் சத்தம் எங்கேயிருந்து வருகுது எண்டு காது கண்டுபிடிக்கத் தொடங்கும், ஆண் குரலும் பெட்டிக்குள் இறங்கிவிடும். ஃபேஸ் சுவிட்சை ஒருவர் மாற்ற மற்றவர் கதிரையில் இருந்து கேட்டார். எந்தப் பக்கம் பேஸ் நிறைவாக இருந்ததோ அந்தப் பக்கம் விட்டோம்.

நீளச் சுவர் இரண்டில் ஒன்று பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொது. அந்தப் பக்கம் ஒரு அம்மம்மா தனியாக இருக்கிறார். வீணையோ குரலோ அந்தச் சுவரோடு பெரும்பாலும் நின்றுவிடும். கீழ்ச் சத்தம் நிற்காது. பாட்டு எங்களுக்கு, 'டும்' மட்டும் அவருக்கு. அதனால் பெட்டியை மற்றச் சுவரில் வைத்தோம். சத்தத்தின் அளவை முடிவு செய்ய முதல், ஒருவர் அவரிடம் கேட்டுவிட்டு அவர் அறையில் போய் இருந்தார். இங்கே பாட்டைப் போட்டோம்.

அவர் கோபப்படவில்லை. "பாட்டெண்டால் பாட்டாக வரட்டும் பிள்ளை," எண்டார். "உது தூரத்திலை விழுற மாதிரிக் கிடக்கு."

என்ன விழுகிறது எண்டு அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்த வயதுக்காரர் ஒருவரிடம் அதைக் கேட்கத் தேவையில்லை. இருட்டில் தூரத்துச் சத்தம் ஒன்று கேட்டால் அடுத்தது எவ்வளவு கிட்ட வரும் எண்டு எண்ணிக்கொண்டு கிடந்த ஆக்கள் அவர்கள். எங்களுக்கு அது பேஸ். அவருக்கு அது வேறு.

பிறகு அவர் அறையில் இருந்தவர் ஃபோனில் சொல்லச் சொல்ல, குமிழை நாங்கள் குறைத்துக்கொண்டே வந்தோம். அவர் "இப்ப ஒண்டும் இல்லை" எண்ட இடத்தில் நிறுத்திப் பேனையால் ஒரு கோடு போட்டோம். அதிசயம் என்னவெண்டால், அந்த அளவில்தான் பாட்டும் நன்றாக இருந்தது. பெட்டி இருப்பதே தெரியவில்லை. ஆனால் நிறுத்தினால் பாட்டின் அடித்தளத்தை யாரோ உருவியெடுத்த மாதிரி இருந்தது.

இரவு 9 மணிக்குப் பிறகு அதை முழுக்க நிறுத்திவிடுவது எண்டு முடிவு. அது லேசில்லை. சத்தத்தைக் குறைக்கக் குறைக்கக் காதுக்கு முதலில் மங்குவது பேஸ்தான், அந்த நேரத்தில்தான் கை குமிழுக்குப் போகும். நாட்டாமை மாதிரி ஒருவர் "கை வை பாப்பம்" எண்டு முறைப்பார். வந்து போகிற சிநேகிதர்கள் "இவ்வளவு காசு குடுத்து வேண்டிப்போட்டு நிப்பாட்டி வைக்கிறியளோ?" எண்டு கேட்பார்கள். பகலில் வந்து கேளுங்கோ எண்டு சொல்லி அனுப்புகிறோம்.