தேதித் தாளில் ஒட்டிய படம்

இலக்கணம் காலத்தை மூன்றாகப் பகுக்கிறது. எங்கள் மகனுக்கு அவற்றுள் எதிர்காலம் மட்டும் எளிதில் பிடிபடுவதில்லை. ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். நேற்றைய தட்டு, நேற்றைய பாதை, நேற்றைய ஜன்னலோரம் இன்றும் வேண்டும். லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே மாறாமையின் மீதான இந்தப் பற்று பதிவாகியிருக்கிறது. உறவினர் பிடிவாதம் என்பதை நாங்கள் அச்சம் என்று வாசிக்கிறோம். அடுத்து என்ன வரும் என்று தெரியாதவனுக்குப் பழகிய ஒழுங்குதானே பற்றுக்கோடு.

இத்தகைய குழந்தைகளிடம் வரப்போவதை வாயால் மட்டும் சொல்வது போதாது. சொல் காற்றோடு போய்விடும், படம் நிற்கும். அன்றாடப் பணிகளைப் படவரிசையாக வைக்கும் முறையை வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் தொடங்கிய 'டீச்' திட்டம் பரவலாக்கியது. நிகழவிருப்பதைக் குழந்தையின் நோக்கில் சிறுகதையாக எழுதிக் காட்டும் 'சமூகக் கதை' 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே உருவாக்கியது. எங்கள் வீட்டில் இவ்விரண்டும் தேதி கிழிக்கும் நாள்காட்டியில் வந்து சேர்ந்தன. காலையில் தாள் கிழிப்பது அவனுடைய உரிமை.

சென்ற ஆண்டு அவனுடைய ஆச்சிக்குக் கண்புரை அறுவை. அவர் பிசைந்து உருட்டித் தராமல் அவன் இரவுச் சோறு உண்டதில்லை. பத்து நாள் முன்பே ஆச்சியின் படத்தையும் மருத்துவமனை வாசலின் படத்தையும் உரிய தேதித் தாளில் ஒட்டினோம். கதையும் எழுதி நாள்தோறும் படித்தோம்: ஆச்சி கண் மருத்துவமனைக்குப் போவார், கறுப்புக் கண்ணாடி போட்டு வருவார், அன்று அப்பா சோறு தருவார். மாலைதோறும் ஆச்சி ஐந்து நிமிடம் கறுப்புக் கண்ணாடி அணிந்து அவனெதிரில் அமர்ந்தார். முதல் நாள் பிடுங்கி எறிந்தான். நான்காம் நாள் அவனே எடுத்து மாட்டிவிட்டான்.

அறுவைக்கு முந்தைய மாலை, சர்க்கரை கூடியிருப்பதால் ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். இதற்கென்றே மஞ்சள் அட்டை ஒன்று வைத்திருக்கிறோம். அதில் 'மாற்றம்' என்று எழுதி, வளைந்த அம்பு வரைந்திருக்கும். அதை இனிய மாற்றங்களிலேயே பழக்கியிருந்தோம்: இட்லிக்குப் பதில் பூரி, பாடத்துக்குப் பதில் ஊஞ்சல். மாற்றம் என்றாலே இழப்பு என்று அவன் கற்றுவிடக் கூடாதல்லவா? அட்டையைத் தாளின் மேல் வைத்து, படங்களை உரித்துப் புதிய தேதியில் ஒட்டச் சொன்னோம். அரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்து அழுதான். பிறகு எழுந்து ஒட்டினான்.

அறுவை நாளன்று அப்பா கையால் மூன்று உருண்டை உண்டான். மூன்றே மூன்று.

ஆச்சிக்கு வயது எண்பதை நெருங்குகிறது. தேதி குறித்துப் படம் ஒட்ட இயலாத மாற்றம் ஒன்று வரவே செய்யும். அதற்கு அவனை எப்படி ஆயத்தம் செய்வது என்பது நாங்கள் இரவில் பேசிக்கொள்ளும் பேச்சு. இப்போதைக்கு வியாழன்தோறும் அப்பா கைச் சோறு. ஒவ்வொரு வியாழன் தாளிலும் அதற்கான படத்தை ஒட்டி வைத்திருக்கிறோம்.