மோட்டார் சைக்கிளுக்கு இரண்டாவது மூளை தேவையா?

ஒரு ஸ்குறூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சீர்செய்து விடலாம் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு திருகை அரைச் சுற்றுத் திருப்பி, ஒலியைக் கேட்டு, பின்னர் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்போம். கபில நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெளிறியிருந்தால் காற்று அதிகம். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

ரொறன்ரோவில் வசிக்கும் என் பெறாமகன் அண்மையில் தொலைபேசியில் கேட்டான். "பெரியப்பா, என்ர பைக்குக்கு ஒரு ரியூனர் பூட்ட வேணும். எதை வாங்கலாம்?" பத்திரிகைக்காரனுக்குத் தெரியாத விடயம் எதுவும் இல்லை என்றொரு நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் உண்டு. அதைக் கெடுக்க மனமின்றி இரண்டு வாரம் தேடித் தேடி வாசித்தேன். அவனிடம் இருப்பது 650 சிசி றோயல் என்பீல்ட். சைலன்சரை மாற்றியிருக்கிறான். அதன்பின் கைப்பிடியை விடும்போதெல்லாம் பட்டாசு வெடிப்பதுபோலச் சத்தம் கேட்கிறதாம். கலவையில் பெற்றோல் குறைந்துவிட்டது, சில நூறு டொலருக்கு ஒரு மின்னணுக் கருவி வாங்கிப் பூட்டினால் சரியாகும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இன்றைய வண்டிகளில் காபரேற்றரின் இடத்தில் இன்ஜெக்டர் இருக்கிறது. அது எத்தனை ஆயிரத்திலொரு பங்கு செக்கன் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. அதிக வலு கிடைப்பதோ 13 பங்கை ஒட்டிய நிலையில்தான். ஆனால் புகைச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்ட தொழிற்சாலை, சீராக ஓடும்போது 14.7ஐ ஒட்டியே கலவையை வைத்திருக்கும். புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி அதனைக் காவல் காக்கும்.

சந்தையில் விற்கப்படும் கருவிகள் இந்தக் காவலை எப்படிக் கையாள்கின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. மிக மலிவானவை, வெளிக்காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிராக இருக்கிறது என்று கணினிக்குப் பொய் சொல்பவை. கணினி ஏமாந்து சற்றுக் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். சீராக ஓடும் வேளையில் ஒட்சிசன் உணரி பொய்யைக் கண்டுபிடித்துப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். இவற்றில் எனக்கு நம்பிக்கையில்லை. டைனோஜெட்டின் பவர் கொமாண்டர், பெங்களூர் ரேஸ் டைனமிக்ஸின் பியூவல்எக்ஸ் போன்றவை கணினிக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் அமர்ந்து, செல்லும் கட்டளையையே திருத்துபவை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அதே பெங்களூர் நிறுவனத்தின் பவர்ட்ரோனிக், தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றக்கூடியது. வண்டியின் கணினியிலுள்ள கணக்கையே அழித்து எழுதுவது இன்னொரு வழி. அதுவே மிகத் துப்புரவான வேலை என்பர். எழுதுபவரின் கை சுத்தமாக இருந்தால்!

இவற்றையெல்லாம் வாசித்தபோது 1990 முதல் 1995 வரையான யாழ்ப்பாணமே நினைவில் வந்து நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் மறைந்துபோன ஆண்டுகள் அவை. பாடசாலைக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட நாங்கள், செய்தி சேகரிக்கச் சென்றது மண்ணெண்ணெயில் ஓடிய எம்டி 90களில். சிறு பிளாஸ்ரிக் போத்தலிலுள்ள பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சி உதைப்போம். எஞ்சின் சூடான பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒக்ரேன் குறைவென்பதால் பாரம் ஏறினால் எஞ்சின் தட்டும். குடாநாட்டில் மலை இல்லாதது எங்கள் வண்டிகளின் அதிர்ஷ்டம்.

எந்தக் கருவியும் இல்லாமல் அந்த எரிபொருளுக்கு அந்த எஞ்சின்களைப் பழக்கியவர்கள் எங்கள் மெக்கானிக்குகள். கொக்குவிலில் என் வண்டியைப் பார்த்தவர், என்ன குறை சொல்லிப் போனாலும் திருகில் முதலில் கைவைக்க மாட்டார். சைலன்சர் எஞ்சினோடு சேருமிடத்தில் உள்ளங்கையைப் பிடித்துக் காற்றுக் கசிகிறதா என்று பார்ப்பார். "ஓட்டை இருக்கேக்க கலவையைத் திருத்திறது, ஓட்டை வாளிக்குத் தண்ணி அள்ளுற மாதிரி, தம்பி" என்பார்.

பெறாமகனிடமும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். கைப்பிடியை விடும்போது அந்த இடைவெளியால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டால், எரியாத பெற்றோல் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஒட்சிசன் உணரியும் அக்காற்றைக் கண்டு, கலவையில் பெற்றோல் குறைவென்று தவறாக அறிவிக்கும்.

இன்னொன்றையும் சொன்னேன். இது சட்டத்தோடும் தொடர்புள்ள விடயம். ஹார்லி டேவிட்சன் நிறுவனம், புகை அளவை மீறச்செய்யும் 'சூப்பர் ரியூனர்' கருவிகளை விற்றமைக்காக 2016 ஓகஸ்டில் அமெரிக்க அரசுடன் 12 மில்லியன் டொலர் தண்டப்பணத்துக்கு இணங்கி, அவற்றின் விற்பனையையும் நிறுத்தியது. கலவையில் பெற்றோலைக் கூட்டினால் செலவும் கூடும் என்பதை இலங்கையில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022 யூலையில் கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்று, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கியவர்கள் நாங்கள்.

பத்து நாள் கழித்து அழைத்தான். புதிய சைலன்சரின் மூட்டிலிருந்த கஸ்கெற் சரியாகப் பொருந்தவில்லையாம். மாற்றியதும் வெடிச்சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனாலும் இளம் இரத்தம் விடுமா? பனிக்காலம் முடிந்ததும் எயார் பில்ரரையும் மாற்றப்போகிறானாம். அப்போது கூடுதலாக நுழையும் காற்றுக்கு ஏற்பப் பெற்றோலும் வேண்டும். கருவிக்கு உண்மையான வேலை இருக்கும். வண்டியை உருளையின் மேல் ஓட்டி வலுவையும் கலவையையும் அளக்கும் டைனோ உள்ள கராச் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். அவர்கள் எந்தக் கருவியில் கைபழகியவர்களோ, கழற்றக்கூடியதாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். பழைய சைலன்சரை விற்றுவிட வேண்டாம் என்றும்.