நாற்பதைக் கடந்தபின் மலையேறும் துவிச்சக்கரவண்டி

திருகோணமலை ஆசிரியர்க்குத் துவிச்சக்கரவண்டி புதிதன்று. மேடு தேடிச் சென்று அதனை மிதிப்பதே புதிது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தே, மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு, தடித்த ரயர் பூட்டிய கியர் வண்டியொன்றைப் பழையதாக வாங்கினோம். பின்னர் எரிபொருள் வந்தது. வண்டியோ எம்மை விட்டபாடில்லை.

இவ்வகை வண்டி 1970களில் கலிபோர்னியாவின் தமல்பாய்ஸ் மலைச்சரிவிலே இளைஞர் சிலரின் விளையாட்டாகத் தோன்றி, 1996இல் அத்திலாந்தா ஒலிம்பிக் வரை சென்றது. அத்துணைப் பெரிய மலை எமக்கு வாய்க்கவில்லை. எனினும் உவர்மலை உண்டு. பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் நிற்கும் மரநிழலூடே கோணேசர் சந்நிதிக்கு ஏறும் வீதியுண்டு. அனுராதபுர வீதியால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்றால் கன்னியா வெந்நீரூற்றுகளும் அயலிலே பற்றைக்காட்டுத் தடங்களும் உண்டு. வைகறையில் கோட்டைமேட்டை ஏறி முடித்து, வியர்வை ஆறுமுன் கடற்காற்று நெஞ்சிற் படும் இன்பத்தை எழுத்தில் வடிப்பது அரிது. தமிழாசிரியர் இப்படிச் சொல்வது வெட்கந்தான்.

ஏறும்போது வயதை நெஞ்சு எச்சரிக்கும். நின்று மூச்சு வாங்கலாம். இறக்கம் எச்சரிப்பதில்லை. சரிவில் உடலின் பாரம் முன்னே சாய்கிறது. அவ்வேளை முன்பிறேக்கை இறுகப் பிடித்தால் சில்லு நின்றுவிட, ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலால் வீசப்படுவார். விழுபவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டோ காறையெலும்போ முறியும். எமக்கு ஈராண்டு மூத்த பழைய மாணவர் ஒருவர், அவரும் ஆசிரியரே, சரளைக்கல்லிற் சறுக்கிக் காறையெலும்பு முறிந்து மூன்று திங்கள் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கரும்பலகையில் எழுதும் கை அது. அவர் வண்டியை விற்றுவிட்டார். அவருடைய மனைவியார் இச்செய்தியை எமது இல்லத்திலும் வந்து உரைத்தார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

வழக்கில் நாம் நெட் ஓவெரெண்டைச் சாட்சிக்கு அழைத்தோம். அந்த அமெரிக்கர் 1990இல் மலைவண்டியின் உலகப் பட்டத்தை 35 வயதில் வென்றவர்; 2015இல் 59 வயதில், அகன்ற ரயர் வண்டிகளுக்கான அந்நாட்டின் முதலாவது தேசியப் பட்டத்தையும் வென்றார். “அவருக்குப் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிற வேலையோ?” என்று கேள்வி வந்தது. நாம் வாயடைத்துப் போனோம்.

ஆகவே உடன்பாடு ஒன்று செய்துகொண்டோம். தலைக்கவசமின்றிப் படலையைத் தாண்டுவதில்லை. இறக்கத்தில் ஆசனத்தைத் தாழ்த்தி, உடலைப் பின்னே சாய்த்து, இரு பிறேக்கையும் மெல்லப் பிடிக்கிறோம். சரளை கண்டால் இறங்கி உருட்டுகிறோம். மாணவர் சிரிப்பர், சிரிக்கட்டும். மிதிப்பது மூச்சுக்கும் தொடைக்கும் நன்றாயினும், உடற்பாரத்தை ஆசனம் தாங்குவதால் எலும்புக்கு அதனால் உறுதி அதிகமில்லை. ஆதலால் மாலையில் நடப்பதும், கிணற்றில் நீர் அள்ளுவதும் உடன்பாட்டிற் சேர்ந்துள்ளன. கிணற்று வேலையைச் சேர்த்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

விழாவுக்கு வரும் பழைய மாணவ நண்பர்கள் ஒரு காலைப்பொழுதை எமக்கு ஒதுக்கினால் கன்னியாவரை போய்வரலாம். இரண்டாவது வண்டியொன்றும் வீட்டில் நிற்கிறது, பிறேக் புதிது.