நிரை

பெல்ட் இரண்டு விதமாகக் கத்தும். தளர்ந்த பெல்ட், காரைக் கிளப்பும்போதோ ஏர்கோன் போடும்போதோ 'க்ரீ...ச்' என்று நீட்டி இழுக்கும். புல்லிகள் ஒரே நேரில் இல்லாவிட்டால் சத்தம் வேறு. 'கீச் கீச் கீச்' என்று விட்டு விட்டு, சிட்டுக்குருவி மாதிரி. எஞ்சின் வேகம் ஏறினால் குருவியும் வேகமாகக் கூவும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பா. முப்பது வருடம் லோரி ஓட்டியவர். இனிப்புநீர் முதலில் அவர் சிறுநீரகத்தையும் பிறகு கண்ணையும் எடுத்துக்கொண்டது. காது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஓட்டுவது நான், பக்கத்து இருக்கையில் அப்பா. கார், 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. அதன் 1.6 எஞ்சின் போன வருடம் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தபோது, வீட்டில் எல்லாரும் இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. கிள்ளான் பக்கம் ஒரு ஹாஃப்கட் கடையில் 1.8 எஞ்சின் ஒன்றைப் பிடித்தோம். ஜப்பானில் ஓடி முடித்த காரைப் பாதியாக வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்பி வைப்பார்களே, அதில் ஒன்று. வீராவின் எஞ்சின்கள் மிட்சுபிஷி குடும்பம் என்பதால் 4ஜி92 இருந்த இடத்தில் 4ஜி93 பெரிய அடம்பிடிக்காமல் உட்கார்ந்துகொள்ளும். புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜேயில் எஞ்சின் எண்ணை மாற்றுவது எல்லாம் தனி அலைச்சல். அதை விடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த அல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பழைய எஞ்சினில் இருந்ததையே கழற்றிப் புதியதில் மாட்டினார்கள். இரண்டு வாரம் அமைதி. அப்புறம் குருவி.

முதல் வொர்க்‌ஷாப்பில் பெல்ட்டை மாற்றினார்கள். சத்தம் நின்றது, மூன்றாவது வாரம் திரும்ப வந்தது. இரண்டாவது இடத்தில், அல்டர்னேட்டர் புல்லி உள்ளே தள்ளி இருக்கிறது என்று பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டார்கள். நின்றது, மூன்றாவது வாரம் வந்தது. மூன்றாவது இடத்தில் இன்னும் இரண்டு வாஷர், கூடவே பெல்ட் மேல் அடிக்கிற ஸ்ப்ரே. அந்த ஸ்ப்ரே பிசுபிசுப்பில் தூசியை ஒட்டவைப்பதைத் தவிர வேறெதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மூன்று இடத்திலும் யாரும் ஏமாற்றவில்லை. இரும்புச் சட்டத்தை வைத்து எனக்கு முன்னால்தான் நேர் பார்த்தார்கள். அன்றைக்கு நேராகத்தான் இருந்தது. மூன்று பேருக்குமே அல்டர்னேட்டர் மேல்தான் சந்தேகம். வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அதுதானே? வந்து சேர்ந்தவன் மேல் முதல் பழி விழுவது எஞ்சினில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை.

"சத்தம்தானே தங்கச்சி, ஓடுதுல்ல" என்றார் ஒருவர். ஓடும். அறுந்தால் அல்டர்னேட்டர் நிற்கும், பேட்டரியில் இருக்கிற மிச்சத்தில் கொஞ்ச தூரம் போகும். விளக்குப் போட்டு ஓட்டும் விடியற்காலையில் அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று யார் சொல்வது? ஒரு நாள் டயாலிசிஸ் தவறினால் அப்பாவுக்குக் கால் வீங்கும், இரவில் படுத்தால் மூச்சு முட்டும்.

நான்காவதாகப் போனது அப்பாவின் பழைய லோரிக் கூட்டாளி சொன்ன இடம். தகரக் கூரை, ஒரே ஒரு போர்மேன். அவர் பானெட்டைத் திறப்பதற்குள் அப்பா காருக்குள்ளிருந்தே சொன்னார்: "தம்பி, தண்ணி அடிச்சுப் பாருங்க. மழை பேஞ்சா கொஞ்ச நேரம் வாய மூடிக்குது."

பூந்தொட்டிக்கு அடிக்கிற பாட்டிலை எடுத்து, ஓடும் எஞ்சினில் பெல்ட்டின் வரிப் பக்கம் லேசாக அடித்தார். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு. அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால் நேர் தப்பியிருக்கிறது. அடங்கியது. நான் பத்து எண்ணுவதற்குள் வந்துவிட்டது.

எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் நரம்பு ஒன்றை எடுத்தார். கிராங் புல்லியின் முகத்தில் இரண்டு விளிம்பும் தொடுகிற மாதிரி இழுத்து, அப்படியே அல்டர்னேட்டர் வரை கொண்டுபோனார். புல்லியின் விளிம்புத் தடிப்பு ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் விளிம்பை நம்பாமல் பள்ளத்திலிருந்து அளந்தார். இந்த வகை பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மில்லிமீட்டர். இரண்டு புல்லிக்கும் நடுவே 20 சென்டிமீட்டர்தான். அந்தத் தூரத்தில் ஒரு வரி அளவு விலகினாலே ஒரு டிகிரி கோணல். குருவிக்கு அது போதும். இடைவெளி குறையக் குறைய அதே விலகல் பெரிய கோணலாகும். எங்களுடையது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் விலகியிருந்தது. மூன்று வாஷரையும் தாண்டி.

"என்னப்பா, நிரை பிடிக்கிறானா?" என்று அப்பா கேட்டார். நரம்பு இழுக்கிறார் என்று நான் சொல்லியிருந்தேன். அப்பா தோட்டத்தில் பிறந்தவர். கன்று நட முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிய கை. "மொத நிரை கோணிச்சுனா மத்த நிரையெல்லாம் அத பாத்து நேரா கோணும். கிராங் புல்லிய பாத்தாரான்னு கேளு."

போர்மேன் சிரித்தார். "அதான் அண்ணே பாக்கப் போறேன்."

கிராங் புல்லி ஒரே இரும்பு இல்லை. நடுவில் தண்டோடு பூட்டிய குடம், வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். எஞ்சின் உதறலை வாங்கிக்கொள்ள அந்த ரப்பர். வயதாகி, சூட்டிலும் எண்ணெயிலும் நைந்தால் வளையம் குடத்தின் மேல் நழுவும். சுற்றுப்பக்கமும் நழுவும், முன்னும் பின்னும் நழுவும். அவர் வெள்ளைச் சாயத்தில் குடம், ரப்பர், வளையம் மூன்றையும் தாண்டி ஒரே கோடு போட்டார். "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க. வேகமா போகாதீங்க."

மூன்று டயாலிசிஸ் ஓடினோம். திரும்பப் போய்ப் பார்த்தால் கோடு இரண்டாக இருந்தது. குடத்தில் இருந்த துண்டு ஒரு பக்கம், வளையத்தில் இருந்தது ஒரு விரல் தள்ளி.

எல்லாரும் எதிலிருந்து அளந்தார்களோ அதுவே நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அல்டர்னேட்டரைச் சரியாகத்தான் நகர்த்தினார்கள், அன்றைய வளையத்துக்கு. இருபது நாளில் வளையம் வேறு இடத்தில். எஞ்சின் டைமிங் பார்க்கிற குறியும் அதே வளையத்தில்தான் இருக்கிறது என்பதால் அதுவும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. முழுசாகக் கழன்றிருந்தால் பெல்ட்டைத் தள்ளிவிட்டு டைமிங் கவரையே கிழித்திருக்கும் என்றார்.

ஹாஃப்கட் கடையில் பழைய புல்லி 50 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. புதியது அதைப் போல நாலு மடங்கு. நான் பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதுலயும் இதே வயசு ரப்பர்தான் இருக்கும்மா" என்றார் அப்பா. புதியதை வாங்கினோம்.

அதை மாட்டிவிட்டு நரம்பை இழுத்தபோது அல்டர்னேட்டர் இப்போது மறுபக்கம் விலகி நின்றது. போர்மேன் வாஷர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றையும் எடுத்த பிறகு நரம்பு பள்ளத்தோடு பள்ளம் நின்றது. பழைய பெல்ட்டின் வரிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினோம். அந்த அல்டர்னேட்டரில் முதலிலிருந்தே எந்தக் குறையும் இல்லை.

புதிய புல்லியிலும் வெள்ளைக் கோடு போட்டுத் தந்தார். ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஒன்னா இருக்கா?" என்று கேட்பார். போன வாரமும் ஒன்றாகத்தான் இருந்தது.