சில்வியா ஏன் எந்திரிக்கவே இல்ல?

டிவி கேம்னாலே எல்லாரும் மாரியோ, கான்ட்ரான்னு கொசுவத்தி சுத்துறீங்களே மக்களே... அதே கேசட்ல 'குங்ஃபூ'ன்னு ஒண்ணு இருக்குமே, ஞாபகம் இருக்கா? ஒருத்தன் ஒத்தை ஆளா மாடி மாடியா ஏறி வர்றவன் போறவனை எல்லாம் உதைப்பானே, அதேதான்.

1984ல ஐரெம்ங்கிற ஜப்பான் கம்பெனி ஆர்கேட் மெஷினுக்காகப் பண்ணது. டிசைன் பண்ணவர் தகாஷி நிஷியாமா. மனுசன் அப்புறமா கேப்காம் போய் 1987ல முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பண்ணார். 1985ல நின்டெண்டோ இதை வீட்டு மெஷினுக்குக் கொண்டு வந்துச்சு. அந்த வெர்ஷன் மொத்தமே 40 கேபிதான். (பொட்டி தட்டுறவன் புலம்பல்: எங்க ஆபீஸ் மெயில்ல கீழ ஒட்டுற லோகோ இதைவிடப் பெருசு.) '9999 இன் 1' திருட்டு கேசட்டுல சொருக அது எவ்ளோ வசதி!

எங்க வீட்டுக்கு டிவி கேம் வந்தது 2006ல, திருச்சியில. எனக்கு எட்டு வயசு. நான் காலால உதைச்சுக்கிட்டே போற கட்சி. அக்கா அப்படி இல்ல. குத்துனா உதையை விட பாயின்ட் அதிகம், ஆனா கை எட்டணும்னா எதிரியை ரொம்பக் கிட்ட வர விடணும். விட்டா கட்டிப் பிடிச்சுக்குவான். அவன் அடிக்கவே மாட்டான், சும்மா பிடிச்சுக்கிட்டு நிப்பான், உயிர்க்கோடு பாட்டுக்குக் கரையும். இடது வலதுன்னு பட்டனை ஆட்டி உதறணும். அக்கா கடைசி நொடி வரைக்கும் காத்திருந்து ஒரு குத்து விடுவா பாருங்க... பக்கத்து வீட்டு அண்ணனுங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாலாவது மாடி மந்திரவாதிக்குத் தலையில அடிச்சா தலை கழண்டு போய் திரும்ப முளைச்சிடும். குனிஞ்சு கீழ அடிக்கணும்னு கண்டுபிடிச்சதும் அவதான்.

அஞ்சாவது மாடியில மிஸ்டர் எக்ஸ். அவனையும் சாய்ச்சா சில்வியாங்கிற பொண்ணைக் காப்பாத்தலாம். நாற்காலியில கட்டிப் போட்டிருப்பாங்க. காப்பாத்தி முடிச்சதும் திரும்பப் பிரச்சனை, திரும்ப முதல் மாடி, இன்னும் கஷ்டமா. அக்கா ரெண்டாவது ரவுண்டுல அலுத்துப் போய்க் கேட்டா: "டேய், இவ காலு நல்லாத்தானே இருக்கு? ஏன் எந்திரிச்சு ஒரு உதை விட மாட்டேங்குறா?"

2007ல அக்காவுக்குப் பத்தாவது. டிவி கேம் பீரோ மேல போயிடுச்சு. பொம்பளப் புள்ளைக்கு என்ன கேமுன்னு ஆளாளுக்கு ஒரு அட்வைஸ். பரிட்சை முடிஞ்சும் அது கீழ இறங்கல. எனக்குப் பத்தாவது வந்தப்போ யாரும் எதையும் ஒளிச்சு வைக்கல. 'படிப்புக்கு ஆகும்'னு சொல்லி கம்ப்யூட்டரே வாங்கிக் கொடுத்தாங்க. நான் இஞ்சினியரிங், அக்கா பி.காம். முடிச்ச கையோட கல்யாணம், இப்ப சேலம்.

போன மாசம் ஒரு லீவு நாள்ல 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' பார்த்தேன். ஜாக்கி சான் பார்சிலோனாவுல வேன்ல சாப்பாடு விக்கிற படம், 1984. ஜப்பான்ல அந்தப் படத்துக்குப் பேரே 'ஸ்பார்ட்டன் எக்ஸ்'தான், கேமுக்கும் அங்க அதே பேரு. தாமஸ், சில்வியா பேரெல்லாம் இங்கேருந்து வந்ததுதான். ஆனா அஞ்சு மாடிக் கோபுரம் இதுல கிடையாது. அது ப்ரூஸ் லீயோட 'கேம் ஆஃப் டெத்' ஐடியா. 1973ல அவர் இறந்ததால பாதியில நின்னு, 1978ல ஒட்டுப் போட்டு வெளியிட்ட படம். நிக்க, நான் சொல்ல வந்தது வேற. படத்துல சில்வியா யாருன்னு நெனச்சீங்க? பிக்பாக்கெட்! ஜாக்கி கிட்டயே ஆட்டையைப் போடுற கில்லாடி. கேமுக்கு வர்றப்போ அவளை நாற்காலியில உக்கார வச்சுக் கட்டிட்டாங்க.

உடனே அக்காவுக்கு போன் போட்டேன். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவுல முழுசாக் கேட்டா. "அப்ப கயிறு கேம்காரன் கட்டுனதா?"ன்னு சிரிச்சா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அந்த மந்திரவாதிக்குக் குனிஞ்சுதானே குத்தணும்?"

"ஆமாக்கா."

"பாப்பாவுக்கு ஆறு வயசாயிடுச்சு. அடுத்த வாட்டி வர்றப்போ அதைத் தேடி எடுத்துட்டு வா. ரெண்டு ரிமோட்டும் இருக்கான்னு பாத்து எடுத்துட்டு வா."

டிஸ்கி: இந்த கேம் பேர்லயே 1988ல ஆன்யெஸ் வர்தான்னு பிரெஞ்சு இயக்குநர் ஒரு படம் எடுத்திருக்காங்க. அதுல வர்ற பையனுக்கு இந்த கேம்னா பைத்தியம். சண்டைப் படம்னு நம்பி உக்காந்துடாதீங்க :-)