எந்த இடத்தில் நின்றது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வருடம் ஆறு மாதம் மகன் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், மோரிஸ்வில் என்ற ஊர். பகலில் மகனும் மருமகளும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. எனக்கு நடை, டிவி, தூக்கம். இரவு சாப்பாடு முடிந்ததும் மகன் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். பதினொன்று ஆகும், சில நாள் பன்னிரண்டும் ஆகும்.

"ஆபீஸ் வேலையாடா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இது சும்மா."

"சும்மான்னா?"

"சம்பளம் கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருமகள் வேறு, "நீங்களாவது கேளுங்க மாமா, ரெண்டு வருஷமா இப்படித்தான்" என்றாள். சரி, என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று மறுநாள் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

யூஸ்நெட் என்று ஒன்று இருக்கிறதாம். இன்று நாம் பார்க்கும் இணையதளங்கள் எல்லாம் வருவதற்கு முன்பே வந்தது. 1979-ல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்தது. பக்கத்தில் சாப்பல் ஹில்லில் படித்த ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதிக் கொடுத்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குத் தொலைபேசி வழியாகக் கூப்பிட்டு, புதிதாக வந்த செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும். இதற்குத் தலைமை அலுவலகம் என்று எதுவும் கிடையாது. 1980-ல் புழக்கத்துக்கு வந்தது. தமிழர்களுக்கென்றும் பின்னாளில் அதில் ஒரு குழு இருந்தது, பெயர் சாக்.கல்ச்சர்.தமிழ். அந்த டியூக் பல்கலைக்கழகம் மகன் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினான்.

எழுத்துக்காக வந்த அந்த வலையில் பிறகு பெரிய கோப்புகளையும் போட ஆரம்பித்தார்கள். அவற்றை நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டித்தான் போட முடியும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதை என்.இசட்.பி. கோப்பு என்கிறார்கள். பட்டியலைக் கொடுத்தால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, சரிபார்த்து, விட்டுப்போனதைச் சரிசெய்து, பிரித்துக் கொடுக்க மென்பொருள் இருக்கிறது. அப்படிப்பட்ட ஓர் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் சந்தேகங்களுக்குத்தான் என் மகன் இரவில் பதில் எழுதுகிறான். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

"தொலைஞ்சுபோன துண்டை எப்படிடா சரிசெய்ய முடியும்?" என்று கேட்டேன்.

"நீங்க மூணாம் வகுப்புல நடத்தினதுதாம்பா. 4, 7, 9. கூட்டினா 20. அந்த 20-ஐயும் சேர்த்து அனுப்பிடறோம். நடுவுல 7 தொலைஞ்சா என்ன செய்வீங்க?"

20-லிருந்து 4-ஐயும் 9-ஐயும் கழித்தால் 7. உண்மையில் கணக்கு இதைவிடப் பெரியது, ஆனால் அடிப்படை இதுதான் என்றான். முப்பத்து நான்கு வருடம் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தவனுக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இன்னொன்றும் கேட்டேன். "திருட்டுப் படம் எறக்கத்தானே இதை வச்சிருக்காங்க?" அவன் மழுப்பவில்லை. "அதுக்கும் பயன்படுத்துறவங்க நிறையப் பேர் இருக்காங்கப்பா. எதை எறக்கறது, எங்க கிடைக்கும்னு கேட்டா நாங்க பதில் சொல்றதில்ல. கருவி ஓடலைன்னா மட்டும்தான் பதில்." எனக்கு இதில் பாதி சமாதானம்தான். அந்த மீதியை மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற கடிதங்களை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே பதில் எழுதுவான். பத்தில் ஆறு ஒரே மாதிரி இருக்கும். "வேலை செய்யவில்லை." அவ்வளவுதான். என்ன செய்தார், எங்கே நின்றது, எந்தப் பதிப்பு, திரையில் என்ன வந்தது, ஒன்றும் இருக்காது. இவன் ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்பான். மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவேட்டையும் அனுப்பச் சொல்வான். வந்து பார்த்தால் பெரும்பாலும் சின்ன விஷயம். வட்டில் இடம் தீர்ந்திருக்கும். கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறியிருக்கும். 563 என்று போட வேண்டிய இடத்தில் 119 என்று போட்டிருப்பார்கள்.

புதிய வசதி கேட்பவர்கள் இன்னொரு வகை. "இந்த இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும்" என்பார்கள். இவன் உடனே சரி என்றும் சொல்ல மாட்டான், முடியாது என்றும் சொல்ல மாட்டான். "எதற்காக வேண்டும்?" என்று கேட்பான். ஒருவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்த ஒரு பெரிய பொத்தான் கேட்டார். விசாரித்தால், மாலையில் அவர் பிள்ளைகள் பாடம் படிக்கும்போது இணையம் மெதுவாகிவிடுகிறதாம். குறித்த நேரத்தில் வேகத்தைக் குறைக்கும் வசதி ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்ததும் பொத்தான் தேவைப்படவில்லை.

எனக்கு நம் ஊர்ப் பெற்றோர் ஞாபகம் வந்தது. "சார், வீட்டுப்பாடம் நெறைய குடுங்க" என்று வருவார்கள். நானும் கொடுத்துத் தள்ளுவேன். பிள்ளை சாயங்காலம் குளத்துப் பக்கம் போய்விடுகிறான் என்பதுதான் அவர்கள் பயம். எதற்காக என்று நான் கேட்டதே இல்லை.

"கேட்டதையெல்லாம் சேர்த்துட முடியாதுப்பா. ஒண்ணைச் சேர்த்தா அதைக் கடைசிவரைக்கும் காப்பாத்தணும். ஆள் இல்ல" என்றான். இதே வேலையைச் செய்யும் என்.இசட்.பி.கெட் என்ற மென்பொருளை உருவாக்கியவர் 2022-ல் வேலையை நிறுத்திக்கொண்டாராம். பிறகு வேறு சிலர் எடுத்து நடத்துகிறார்கள். அதைச் சொல்லும்போது இவன் குரலும் சோர்ந்திருந்தது.

ஒருநாள் இரவு ஒருவர் மோசமாகத் திட்டி எழுதியிருந்தார். பொருளை எனக்குச் சொல்லக்கூட மகன் விரும்பவில்லை. முகம் சிவந்து, மடமடவென்று ஒரு பதில் தட்டினான். "இதோட முடிச்சுக்கறேன்பா. எனக்கு என்ன தலையெழுத்தா?"

சரி, விட்டுவிடு என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். மருமகளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் எனக்கு அப்போது ஒரு பையன் நினைவுக்கு வந்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல். 52-லிருந்து 27 போனால் எத்தனை என்றால், அந்தப் பையன் எப்போதும் 35 என்று எழுதுவான். கூப்பிட்டுக் கேட்டால் "வரல சார்" என்பான். அதற்குமேல் ஒரு சொல் வராது. நான் ஸ்கேலை எடுப்பேன். என்னைக் கேலி செய்கிறான் என்றே நினைத்தேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. பல வருடம் கழித்து, பழைய வருகைப் பதிவேட்டை வேறு எதற்கோ புரட்டும்போது பார்த்தேன். கடன் வாங்குவதை நான் நடத்திய அந்தப் பதினைந்து நாளும் அவன் பெயருக்கு நேரே "வ" என்று இருந்தது. கடலை பிடுங்கும் சமயம். வீட்டோடு வேலைக்குப் போயிருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது. 7-லிருந்து 2 போனால் 5, 5-லிருந்து 2 போனால் 3. அவன் அறிவுக்கு 35 சரிதான். பதிவேடு என் மேசையிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. "எந்த இடத்தில் நின்னேடா?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

இப்போது அவன் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறான். எனக்குத்தான் தலை குனிகிறது.

இதை அன்றுதான் முதல்முறையாக மகனிடம் சொன்னேன். "திட்டறவனும் 'வரல சார்'னுதாண்டா சொல்றான். அவனுக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல. விடறதுன்னா விடு. ஆனா இந்தப் பதிலோட விடாதே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். தட்டியதை அழித்தான். இரண்டு வரி எழுதினான்: சிரமம் புரிகிறது, பதிவேட்டை அனுப்புங்கள், எந்த இடத்தில் நின்றது என்று சொல்லுங்கள்.

மறுநாள் பதிவேடு மட்டும் வந்தது. வட்டில் இடமில்லை. அதைச் சொல்லி எழுதினான். அதன்பிறகு பதில் இல்லை.

"நன்றின்னு ஒரு வார்த்தை எழுத மாட்டானா?"

"ஓட ஆரம்பிச்சிட்டா யாரும் திரும்பி வந்து சொல்ல மாட்டாங்கப்பா. பேசாம இருந்தா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

வாத்தியார் வேலையும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்புவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். என்ன செய்ய நினைத்தீர்கள்? என்ன செய்தீர்கள்? எந்த இடத்தில் நின்றது? திரையில் என்ன வந்தது? அவன் அதை ஆங்கிலத்தில் மாற்றி, உதவி கேட்கிறவர்கள் முதலில் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறான். இப்போது வாரத்தில் இரண்டு இரவு மட்டும் உட்காருகிறானாம். மருமகள் போனில் சொன்னாள்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, பிள்ளை "வரல" என்று சொன்னால் அடுத்த கேள்வி நீங்கள்தான் கேட்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்.